மழையைக் கணக்குப் போட வந்த ‘பூமராங்’ வாக்கர்

மார்கழி மாசம் விடிகாலை அஞ்சு மணிக்கு எங்க ஊர் ஆண்டிமடத்துக்கு வந்து பாருங்க. முந்திரித் தோப்பு முழுக்கப் பனி மூடியிருக்கும். ரோட்டுல வர்ற பஸ்ஸோட லைட்டு மட்டும் தெரியும், பஸ் தெரியாது. அந்த நேரத்துல எங்க தாத்தா தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, களத்துல நின்னு வானத்தையே பார்த்துக்கிட்டு இருப்பார். கையில ஒரு பழைய நோட்டு.

அவர் பார்க்கிறதுக்குப் பேரு கர்ப்போட்டம். சூரியன் பூராட நட்சத்திரத்துல இருக்கிற 14 நாள். அந்த நாட்கள்ல மேகம் கருக்கொள்ளுதாம். முதல் நாள் மேகமும் தூறலும் சரியா இருந்தா, அடுத்த வருஷ மழைக்காலத்தோட முதல் பகுதி நல்லா இருக்கும். ரெண்டாம் நாள் பார்க்கிறது அதுக்கு அடுத்த பகுதிக்கு. இப்படியே 14 நாளும் ஓடும். பஞ்சாங்கத்துலயே போட்டிருப்பாங்க.

சிரிக்காதீங்க. எங்க ஊர் செம்மண் பூமி. காவிரித் தண்ணி எட்டாத மேட்டு நிலம். மானாவாரிக் கடலை போடலாமா வேணாமா, விதைக்குக் கடன் வாங்கலாமா வேணாமான்னு ஆடி மாசம் ஒரு முடிவு எடுத்தே ஆகணும். அந்த முடிவுக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேணும் இல்லையா? ஒரு பருவத்தோட ஆரம்ப அறிகுறியை வச்சு பின்னாடி வரப்போறதைச் சொல்ல முடியுமா? தாத்தா நோட்டுல இருக்கிற கேள்வி இதுதான்.

இதே கேள்வியை, வேற ஒரு பனியை வச்சு, ஒரு பெரிய அரசாங்கமே கேட்டது. அதுக்குப் பதில் தேட இங்கிலாந்துல இருந்து ஒரு கணக்கு வாத்தியாரைக் கூட்டிட்டு வந்தது. அவரோட கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன். நம்ம ராமானுஜன் வாழ்க்கையிலயும் அவர் ஒரு முக்கியமான நாள்ல வந்துட்டுப் போயிருக்கார். அது பின்னாடி வரும்.

இமயமலைப் பனியும் தாது வருஷப் பஞ்சமும்

தாது வருஷப் பஞ்சம்னு உங்க பாட்டி யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1876-ல ஆரம்பிச்சு 1878 வரைக்கும் சென்னை மாகாணத்தையே புரட்டிப்போட்ட பஞ்சம். மழை பொய்ச்சுது, லட்சக்கணக்கான ஜனங்க செத்தாங்க. மழை வராதுங்கிறது ரெண்டு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா தானியத்தையாவது நகர்த்தியிருக்கலாமேங்கிற கேள்வி அதுக்கப்புறம்தான் பெருசா எழுந்துச்சு.

இந்திய வானிலைத் துறை அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1875-லதான் தொடங்கியிருந்தது. அதோட முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். அவர் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். இமயமலையில குளிர்காலத்துலயும் வசந்தத்துலயும் பனி அதிகமா விழுந்த வருஷங்கள்ல, அடுத்து வர்ற தென்மேற்குப் பருவமழை குறையுற மாதிரி இருந்தது. 1884-ல இதைக் கட்டுரையா எழுதினார்.

இதுல ஒரு நியாயம் இருக்கு. பருவக்காற்றை இழுக்கிறது நிலத்துக்கும் கடலுக்கும் இருக்கிற சூட்டு வித்தியாசம். மலை மேல பனி நிறைய கிடந்தா வெயில் திருப்பி அடிக்கப்படும். மிச்ச வெயிலும் பனியை உருக்குறதுலயே செலவாகும். நிலம் சூடாக நாளாகும், காத்தை இழுக்கிற பலம் குறையும். படிக்கிறப்பவே சரின்னு படுதுல்ல? 1882-ல இருந்து 1885 வரைக்கும் பிளான்ஃபோர்ட் சோதனையா சொன்ன கணிப்புகள் ஓரளவு பலிச்சுது. அந்தத் தைரியத்துல 1886 ஜூன் 4-ம் தேதி முதல் முறையா அதிகாரபூர்வமான பருவமழை முன்னறிவிப்பு வெளியாச்சு.

அவருக்கு அப்புறம் வந்தவர் ஜான் எலியட். பனியோட இன்னும் பல அறிகுறிகளைச் சேர்த்து, பக்கம் பக்கமா கணிப்பு எழுதினார். 1899-ல மழை வழக்கத்தை விட அதிகமா இருக்கும்னு சொன்னார். அந்த வருஷம் வந்தது வரலாற்றுலயே மோசமான வறட்சிகள்ல ஒண்ணு. மறுபடியும் பஞ்சம். பத்திரிகைகள் கிழிச்சுத் தொங்கவிட்டதுல, அடுத்து சில வருஷம் கணிப்பையே வெளியில விடாம ரகசியமா வச்சிருந்தாங்க.

எலியட் ஓய்வு பெறப் போற நேரம். தன் இடத்துக்கு அவர் தேடினது வானிலை தெரிஞ்சவரை இல்ல, நல்லா கணக்குத் தெரிஞ்ச ஒருத்தரை.

கணக்கு, புல்லாங்குழல், பூமராங்

கில்பர்ட் தாமஸ் வாக்கர் 1868 ஜூன் 14-ம் தேதி இங்கிலாந்தோட ராச்டேல்ல பிறந்தார். நம்ம சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கவனிங்க, அவங்க அப்பா ஒரு பொறியாளர். பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பவே ஒரு கைரோஸ்கோப் செஞ்சு பரிசு வாங்கின பையன் இவர். அப்புறம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. 1889 கணிதத் தேர்வுல முதல் இடம். அந்தக் காலத்துல அது சாதாரண ரேங்க் இல்ல, நாடே பேசுற விஷயம்.

பரிசும் பேரும் வந்த கையோட உடம்பு உடைஞ்சு போச்சு. 1890-ல இருந்து சில குளிர்காலங்களை சுவிட்சர்லாந்துல தங்கி உடம்பைத் தேத்த வேண்டியதாச்சு. அந்தக் கட்டாய ஓய்வுல ஐஸ் மேல சறுக்கக் கத்துக்கிட்டார். செமஸ்டர் அரியரைப் பார்த்து வாழ்க்கையே போச்சுன்னு நினைக்கிற நம்மாளுங்க இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கலாம்.

கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி வந்து பாடம் நடத்தினார். ஓய்வு நேரத்துல கல்லூரிக்குப் பின்னாடி இருக்கிற புல்வெளியில பூமராங் எறிவார். சும்மா எறியல. அது ஏன் வளைஞ்சு திரும்பி வருதுன்னு கணக்குப் போட்டு 1897-ல ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார். அதனால நண்பர்கள் வச்ச பட்டப்பேர் ‘பூமராங்’ வாக்கர். புல்லாங்குழல் வாசிச்சார், குழலோட ஓசை எப்படிப் பிறக்குதுன்னும் ஆராய்ஞ்சார். பறவை இறக்கையை அசைக்காம எப்படி வானத்துல வட்டம் அடிக்குதுங்கிறதும் அவருக்குப் பிடிச்ச கேள்வி.

இந்த மனுஷன்தான் 1904-ல இந்திய வானிலை ஆய்வகங்களோட தலைவரா பொறுப்பேத்துக்கிட்டார். அதே வருஷம் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார். மழை பத்தி அவருக்கு முன் அனுபவம் கிடையாது. ஒரு நாட்டோட சோறு அவர் சொல்லப் போற எண்ணை நம்பிக் காத்திருந்தது.

பத்துல எட்டு தலை

சிம்லாவுல உட்கார்ந்து வாக்கர் முதல்ல செஞ்ச காரியம், இது ஏன் நடக்குதுங்கிற கேள்வியைத் தள்ளி வச்சது. சமன்பாடு எழுதி வானத்தைப் பிடிக்க அந்தக் காலத்துல வழியில்ல. அதனால வேற ரூட்டு பிடிச்சார். உலகம் முழுக்க எங்கெல்லாம் வானிலைப் பதிவு இருக்கோ, அதை எல்லாம் வரவழைச்சார். காற்றழுத்தம், வெப்பம், மழை, பனி, ஆத்து வெள்ளம், எதையும் விடல. எந்த ரெண்டு எண் வரிசை சேர்ந்து ஏறி இறங்குதுன்னு ஒவ்வொண்ணா தொடர்புக் கெழு கணக்கிட்டார்.

நாம எம்-3 பேப்பர்ல ஒரு கெழு கண்டுபிடிக்கவே கால்குலேட்டரைத் தட்டித் தட்டி நொந்து போறோம். அங்க கம்ப்யூட்டர்னாலே மனுஷங்கதான். இந்திய எழுத்தர்கள் வரிசையா உட்கார்ந்து பேனாவுல கூட்டிப் பெருக்கி வகுத்தாங்க. வருஷக்கணக்கா இதே வேலை.

1909-ல அவர் தயார் பண்ண கணிப்புச் சூத்திரத்துல நாலு விஷயம் இருந்தது. மே மாசக் கடைசியில இமயமலையில கிடக்கிற பனி. தென் அமெரிக்காவோட காற்றழுத்தம். மொரீஷியஸ் காற்றழுத்தம். சான்சிபார் தீவு மழை. பார்த்தீங்களா? பிளான்ஃபோர்டோட பனி இன்னும் உள்ளதான் இருக்கு. ஆனா ராஜாவா இல்ல, நாலு சாட்சியில ஒரு சாட்சியா.

ஏன் அப்படி? இங்கதான் வாக்கரோட உண்மையான பலம் தெரியுது. இதை ஒரு விளையாட்டா வச்சுப் புரிஞ்சுக்குவோம்.

உங்க கிளாஸ்ல 60 பேர்னு வச்சுக்குங்க. ஆளுக்கு ஒரு நாணயம், பத்து தடவை சுண்டணும். எட்டு தடவையோ அதுக்கு மேலயோ தலை விழுந்தவங்க கையைத் தூக்கணும். கணக்குப்படி சராசரியா மூணு பேர் கையைத் தூக்குவாங்க. அந்த மூணு பேர்கிட்ட எந்தச் சக்தியும் கிடையாது. 60 பேர் சுண்டினா மூணு பேருக்கு அப்படி விழத்தான் செய்யும். ஆனா மிச்ச 57 பேரை மறைச்சுட்டு அந்த மூணு பேரை மட்டும் மேடையில ஏத்தினா, ஊரே நம்பிடும்.

நூத்துக்கணக்கான அறிகுறிகளை மழையோட ஒப்பிட்டுப் பார்த்தா, ஏதோ சிலது தற்செயலா அழகா பொருந்தத்தான் செய்யும். இந்த ஆபத்தை வாக்கர் தெளிவா பார்த்தார். எத்தனை உறவுகளைத் தேடிப் பார்த்தோமோ, அந்த எண்ணிக்கையையும் கணக்குல எடுத்துக்கிட்டுத்தான் ஒரு உறவு நிஜமா தற்செயலான்னு முடிவு பண்ணணும்னு 1914-ல அதுக்கு ஒரு அளவுகோலே எழுதி வச்சார். இன்னிக்கு மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட்ல நாப்பது ஃபீச்சரைக் கொட்டி, பொருந்தினதை மட்டும் ரிப்போர்ட்ல போடுற நமக்கும் சேர்த்து எழுதின மாதிரி இருக்கும்.

இன்னொண்ணும் செஞ்சார். முழு இந்தியாவுக்கும் ஒரே எண் சொல்றது அர்த்தமில்லைன்னு பார்த்து நாட்டைப் பகுதி பகுதியா பிரிச்சார். எந்தப் பகுதிக்கு நம்பிச் சொல்ல முடியலையோ, அங்க பேசாம இருக்கிறதே நேர்மைன்னு நினைச்சார். முன்னறிவிப்புங்கிற சொல்லே கொஞ்சம் அதிகப்படின்னு பட்டதால, நிழல் மாதிரி முன்கூட்டித் தெரியுறதுங்கிற அர்த்தத்துல வேற ஒரு மெல்லிய ஆங்கிலச் சொல்லைப் பின்னாள்ல தன் கட்டுரைகள்ல பயன்படுத்தினார்.

துறைமுகத்துல ஒரு நோட்டு

இந்த அடக்கம் மழை விஷயத்துல மட்டும் இல்ல. 1913 பிப்ரவரியில வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். அப்போ சென்னைத் துறைமுகத்துல மாசம் முப்பது ரூபா சம்பளத்துல ஒரு குமாஸ்தா வேலை பார்த்துக்கிட்டு இருந்தார். எங்க ஊர்ல இருந்து ஜெயங்கொண்டம், அணைக்கரை தாண்டினா வருமே கும்பகோணம், அங்க வளர்ந்தவர். ஸ்ரீனிவாச ராமானுஜன்.

துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ராமானுஜனோட கணக்குகளை வாக்கர்கிட்ட காட்டினார். கேம்பிரிட்ஜ்ல முதலிடம் வாங்கின மனுஷன், நினைச்சிருந்தா ஏதாவது ஒரு தீர்ப்பைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யல. பிப்ரவரி 26-ம் தேதி சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜன் வேலை செய்யுற கணிதப் பிரிவுல தனக்குத் தனித் தேர்ச்சி இல்லாததால, அவர் உலகத் தரத்துக்கு வருவாரான்னு தன்னால உறுதியா எடை போட முடியாதுன்னு முதல்ல ஒப்புக்கிட்டார். ஆனா சாப்பாட்டுக் கவலை இல்லாம சில வருஷமாவது இந்தப் பையன் முழு நேரமும் கணிதம் பார்க்கப் பல்கலைக்கழகம் வழி செய்யுறது நியாயம், அதுல தனக்குச் சந்தேகமே இல்லைன்னும் சொன்னார்.

அந்த வருஷம் மே மாசத்துல இருந்து ராமானுஜனுக்கு மாசம் 75 ரூபா உதவித்தொகை கிடைச்சுது. ஹார்டியோட கடிதப் போக்குவரத்து அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருந்தது, அந்தக் கதை உங்களுக்கே தெரியும். 1914-ல ராமானுஜன் கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்ததும் வாக்கர் படிச்ச அதே டிரினிட்டிக்குத்தான்.

தெரியாததைத் தெரியாதுன்னு பிரிச்சு வச்சுட்டு, தெரிஞ்சதை மட்டும் அழுத்திச் சொல்றது. சிம்லாவுலயும் சென்னையிலயும் வாக்கர் செஞ்சது ஒரே வேலைதான்.

தேடினது கிடைக்கல, தேடாதது கிடைச்சுது

இருபது வருஷம் கணக்குப் போட்ட பிறகு வாக்கருக்கு ஒரு பெரிய உருவம் தெரிய ஆரம்பிச்சது. பசிபிக் பெருங்கடல்ல காற்றழுத்தம் கூடினா, இந்தியப் பெருங்கடல் பக்கம் குறையுது. அங்க குறைஞ்சா இங்க கூடுது. பூமி மேல ஒரு பெரிய ஏத்த இறக்கப் பலகை மாதிரி. இதுக்கு 1924 வாக்குல தென் அலைவுன்னு பேர் வச்சார். வட அட்லாண்டிக்லயும் வட பசிபிக்லயும் இதே மாதிரி ரெண்டு சின்னப் பலகைகளையும் அடையாளம் காட்டினார்.

ஏன் இப்படி ஆடுதுன்னு அவரால சொல்ல முடியல. காரணம் தெரியாத வெறும் எண் பொருத்தம்னு சந்தேகப்பட்டவங்க நிறைய பேர். அதை விடக் கசப்பான விஷயம் ஒண்ணு. அவர் தேடித் தேர்ந்தெடுத்த அறிகுறிகள்ல பலது, பின்னால வந்த வருஷங்கள்ல பலம் இழந்துடுச்சு. பிளான்ஃபோர்டோட இமயமலைப் பனியும் அதுல ஒண்ணு. ஒரு முப்பது வருஷம் ஒழுங்கா சொன்ன சாட்சி, அடுத்த முப்பது வருஷத்துல மாத்திச் சொல்லுச்சு. அவருக்குப் பின்னால துறைத் தலைவரா இருந்த சார்லஸ் நார்மண்ட், 1953-ல இன்னொரு வேடிக்கையைச் சுட்டிக்காட்டினார். தென் அலைவை வச்சு வரப்போற பருவமழையைச் சொல்றதை விட, பருவமழையை வச்சு அதுக்கப்புறம் தென் அலைவு எப்படிப் போகும்னு சொல்றது சுலபமா இருந்தது!

வாக்கர் 1924-ல சர் பட்டத்தோட ஊர் திரும்பினார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில 1934 வரைக்கும் வானிலைப் பேராசிரியர். 1958 நவம்பர் 4-ம் தேதி, 90 வயசுல இறந்தார். பருவமழையை முன்கூட்டிச் சொல்லணும்னு வந்த வேலை, அவர் கணக்குப்படியே முடியாமதான் கிடந்தது.

அவர் இறந்த வேளையில உலகம் ஒரு பெரிய எல் நினோவைப் பார்த்து முடிச்சிருந்தது. 1957-58-ல சேகரிச்ச அந்தக் கடல் அளவுகளை வச்சுத்தான் ஜேக்கப் பியர்க்னெஸ் 1969-ல புதிரை அவிழ்த்தார். பசிபிக் கடல் சூடாகிறதும் வாக்கர் பார்த்த பலகை ஆடுறதும் ஒரே நிகழ்வோட ரெண்டு முகம். பசிபிக் மேல கிழக்கு மேற்கா சுழல்ற அந்தக் காற்றோட்டத்துக்கு அவர் வச்ச பேர், வாக்கர் சுழற்சி. இன்னிக்கு நியூஸ்ல எல் நினோன்னு கேக்குறப்போ எல்லாம், சிம்லா எழுத்தர்கள் பேனாவுல போட்ட கணக்கும் அதுக்குள்ள இருக்கு.

சரி, ஆரம்பத்தைப் பார்த்து முடிவைச் சொல்ல முடியுமா?

பனிக் கேள்வி சாகல. 1976-ல செயற்கைக்கோள் படங்களை வச்சு, ஐரோப்பா ஆசியா நிலப்பரப்புல பனி அதிகமானா பருவமழை குறையுற போக்கு இருக்குன்னு மறுபடி காட்டினாங்க. 1988-ல வானிலைத் துறை கொண்டு வந்த 16 காரணி மாடல்லயும் பனிக்கு இடம் இருந்தது. அந்த மாடல் 2002-ல வழக்கமான மழைன்னு சொல்லுச்சு. வந்தது சராசரியில 81 சதவீதம். அடுத்த வருஷமே மாடலை மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி 1997-ல உக்கிரமான எல் நினோ, நாடே பயந்தது. மழை சராசரியை விடக் கொஞ்சம் அதிகமாவே பெஞ்சுது.

நம்ம பக்கம் கணக்கு இன்னும் வேற. நமக்குச் சோறு போடுறது வடகிழக்குப் பருவமழை. எல் நினோ வருஷத்துல அது கூடுற போக்கு உண்டு, லா நினாவுல குறையுற போக்கு உண்டு. 2021-ல லா நினா இருந்தும் இங்க வெளுத்து வாங்குச்சு. போக்குங்கிறது வாக்கு இல்ல. தொடர்புக் கெழு 0.5-ன்னு சொன்னா கேக்க பெருசா இருக்கும். ஆனா அதோட வர்க்கம் 0.25. ஏத்த இறக்கத்துல கால்வாசியைத்தான் அந்த அறிகுறி சொல்லுது, முக்கால்வாசி வேற எங்கயோ இருக்கு. முதல் இன்டர்னல் மார்க்கை வச்சு உங்க செமஸ்டர் ரிசல்ட்டை ஒருத்தர் முடிவு பண்ணா ஒத்துப்பீங்களா? அதுல ஏதோ தகவல் இருக்கு. ஆனா அதுவே ரிசல்ட் இல்ல.

இப்போ தாத்தா நோட்டுக்கு வர்றேன். 2016-ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் குறைஞ்சுது. அந்த வருஷக் கர்ப்போட்டம் அருமைன்னு தாத்தா விதைக்குக் கடன் வாங்கிப் போட்டிருந்தார். கடலைக்கொடியைப் பிடுங்கினப்போ வேர்ல காயைத் தேட வேண்டியிருந்தது. பாட்டி தோடு அடகுக்குப் போய், திரும்பி வர ரெண்டு முந்திரி மகசூல் ஆச்சு.

வாக்கரைப் பத்திப் படிச்ச பிறகு போன லீவுல அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். பலிச்ச வருஷத்துக்கு எல்லாம் சிவப்பு மையில டிக் அடிச்சிருந்தார். 2016 பக்கத்துல கணிப்பு மட்டும் இருந்தது. டிக்கும் இல்ல, தப்புன்னு ஒரு கோடும் இல்ல. அப்படிப்பட்ட பக்கங்கள் இன்னும் பல இருந்தது.

தாத்தா பொய் எழுதல. வராத மழையை எழுத அவருக்கு மனசு வரல, அவ்வளவுதான். நம்ம எல்லாருமே அப்படித்தானே? வாக்கருக்கும் நமக்கும் இருக்கிற தூரம் கேம்பிரிட்ஜ் தூரம் இல்ல. அவர் பொய்ச்சுப்போன வருஷங்களையும் அதே கவனத்தோட கூட்டல்ல சேர்த்தார்.

தாத்தாகிட்ட இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துட்டு, ஸ்கேல் எடுத்துட்டு வரச் சொன்னார். ஒவ்வொரு பக்கத்துலயும் வலது ஓரமா ஒரு கோடு போட்டோம். அதுக்கு மேல தலைப்பா, வராதது அப்படின்னு அவரே எழுதினார். இந்த மார்கழிக்கும் களத்துல நிப்பார். நானும் ஊருக்கு வந்தா கூட நிக்கணும்.